மீட்டரில் விழாத மூன்று கிலோமீட்டர்

“அங்கியே நில்லு. மீட்டரைப் பாக்கணும்.”

யுவராணி ஸ்கூட்டியைவிட்டு இறங்குவதற்குள் இருசப்பன் குனிந்துவிட்டார். காலையில் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்ட எண்ணை, மீட்டர் காட்டிய எண்ணிலிருந்து கழித்தார்.

“அம்பத்திரண்டு. சரி, உள்ள போ.”

மரக்காணத்திலிருந்து ஆரோவில்லில் அவள் வேலை செய்யும் தையற்கூடத்திற்குப் போக இருபத்தாறு. திரும்பி வர இருபத்தாறு. கணக்கு மீறினால் வண்டியும் இல்லை, வேலையும் இல்லை என்று எச்சரித்திருந்தார்.

காரணம், மூத்த மகள் அஞ்சலாட்சி. வேற்றுச் சாதிக்காரனான அசோகனை மணந்துகொண்டு கீழ்புத்துப்பட்டில் குடியிருக்கிறாள். அவள் வாசற்படியை இந்த வீட்டார் மிதிக்கக்கூடாது என்று இருசப்பன் ஊரார் முன்னிலையில் சூளுரைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

“பெத்த பொண்ணு மேல இவ்ளோ சந்தேகமா? மனுசனா இந்தாளு?” என்று பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி நாள்தோறும் முணுமுணுப்பாள்.

இருசப்பன் உப்பள மேஸ்திரி. பாத்தியில் உப்பு எத்தனை விரற்கடை படிந்திருக்கிறது என்பதைப் பார்வையாலேயே சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவரின் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா?

முடிந்தது. யுவராணி ஒவ்வொரு நாளும் அக்காள் வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். அஞ்சலாட்சிக்கு இது ஒன்பதாம் மாதம். உடம்பில் இரத்தம் போதாது என்று மருத்துவர் கூறியிருந்தார். தாய் கொளஞ்சியம்மாள் ஒளித்துக் கொடுத்தனுப்பும் முருங்கைக்கீரையும் மீன்குழம்பும் போய்ச் சேர வேண்டுமே!

அவள் வேலைக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து அக்காள் வீடு உள்ளே ஒன்றரைக் கிலோமீட்டர்; போக வர மூன்று. முதல் வாரம் மீட்டர் ஐம்பத்தைந்து காட்டியது.

“ரோட்டு வேலைப்பா. சுத்தி விட்டுட்டாங்க” என்று சமாளித்தாள். இருசப்பன் ‘உம்’ என்றதோடு சரி.

அடுத்த வாரத்திலிருந்து, அக்காள் வீட்டுக்குப் போய் வந்த பிறகும் ஐம்பத்திரண்டுதான் காட்டியது!

“எல்லாம் புத்துப்பட்டு அய்யனார் செயல்டி. மீட்டரைப் புடிச்சி நிறுத்தி வெச்சிருக்காரு!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் கொளஞ்சியம்மாள்.

ஏறக்குறைய ஒரு மாதம் இப்படியே ஓடியது. ஒரு நாள் காலை யுவராணி புறப்படும்போது, இருசப்பன் வழக்கமான கட்டளையைப் பிறப்பித்தார்.

“ஸ்பீடு முள்ளு முப்பத்தேழைத் தாண்டக்கூடாது.”

“போன மாசம் வரைக்கும் நாப்பதுன்னுதானப்பா சொன்னீங்க?”

“இப்ப முப்பத்தேழு. எதுத்துப் பேசாத, கெளம்பு.”

கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் முன்சக்கரத்தில் காற்று இறங்கிவிட்டது. வண்டியைப் பக்கிரியின் பஞ்சர் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். பக்கிரி சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

“டயரே கிழிஞ்சிபோச்சும்மா. வேறதான் போடணும். இதே மாதிரி பெரிசாவே போட்டுடட்டுமா?”

“பெரிசாவா?”

“வண்டியோட வந்த டயரைவிட இது ஒரு சைசு பெரிசு. ஒரு சுத்துக்குக் கூடுதலா தூரம் போவும். மீட்டருக்கு அது எங்க தெரியும்? அது சுத்தைத்தான எண்ணுது! நெசமா அம்பத்தஞ்சு ஓடியிருந்தா அம்பத்திரண்டுன்னு காட்டும். முள்ளும் அப்படித்தான். முப்பத்தேழுல நிக்கும்; நீ நாப்பதுக்குக் கிட்ட போயிட்டிருப்ப.”

அய்யனார் செயல் என்னவென்று யுவராணிக்குப் புரிந்துவிட்டது. சரியான டயரை மாட்டினால் மாலையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும்.

“அண்ணே, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். நீங்க தப்பா மாட்டினது தப்பாவே இருக்கட்டும். பெரிசே போடுங்க. அப்பாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க. அக்காவுக்குப் பொறக்கிற வரைக்குமாவது...”

“தப்பா மாட்டினேனா? நானா?” பக்கிரிக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. “இருவது வருசமா கடை வெச்சிருக்கேன்! சொல்லக்கூடாதுன்னு சத்தியமே வாங்கியிருக்காரு. ஆனா நீ என் தொழிலையே கொறை சொல்றியே! போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தாரு. ‘வேணாம், மீட்டர் கம்மியாக் காட்டும்’னு அடிச்சிக்கிட்டேன். ‘எனக்கு அதான்டா வேணும். மூணு கிலோமீட்டர் மறையணும். ஊர் முன்னால சொன்ன சொல்லை என்னால மாத்த முடியாது. மீட்டராவது மாத்திச் சொல்லட்டும்’னு கூடவே நின்னு மாட்டிக்கிட்டுப் போனவரே உங்கப்பாதாம்மா!”

யுவராணி கிழிந்த டயரைத் திரும்பிப் பார்த்தாள்.

பக்கிரியின் குரல் தணிந்தது. “‘மூணுதானா, நல்லாத் தெரியுமா மேஸ்திரி’ன்னு கேட்டேன். ‘பஸ்ஸை விட்டு எறங்கி, அவ வாசல் வரைக்கும் நடந்து நடந்து போயி, உள்ள போவக் கால் வராம எத்தினி தடவை திரும்பியிருக்கேன். எனக்கா தெரியாது?’ன்னாரு.”