ஈஸ்டருக்கென்று எடுத்து வைத்த அரிசி

ஒரு வேப்பமரத்து அணில்கள் பிரஸ்பிட்டேரியன் கிறிஸ்தவச் சபையாகக் கூடிவந்தன. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் ஒரு வேளை உபவாசமிருந்து, மிச்சம்பிடித்த அரிசியை ஏழைகளுக்கென்று ஒரு பானையில் சேர்த்தன.

அதே மரத்தில் கூடு கட்டியிருந்தாள் சிட்டுக்குருவி தெபோராள். துணையைப் பருந்துக்குப் பறிகொடுத்தவள். ஒரு புதன்கிழமை, வேதபாடம் நடக்கும்போது வாசலில் வந்து நின்றாள்.

“ஐயா, குஞ்சுங்க ரெண்டும் நேத்துலேர்ந்து பட்டினி. ஒரு பிடி அரிசி குடுங்க.”

“உனக்காகத்தானம்மா சேர்க்கிறோம்,” என்றார் சபையை நடத்தும் மூப்பர் ஞானாபரணம். “ஆனா ஈஸ்டர் ஆராதனையில ஜெபிச்சுத்தான் குடுக்கணும், அதுதான் முறை. உள்ள வந்து உட்காரு. இன்னைக்குப் பாடமே பசித்தவங்களுக்குப் பகிர்ந்து குடுக்கிறதைப் பத்தித்தான்.”

பாடம் முடிந்தால் மனமிரங்குவார்கள் என்று நம்பி, தெபோராள் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். அணில்கள் பானையை மூடிவிட்டுக் கலைந்தன.

பெரிய வெள்ளிக்கு முன்பே குஞ்சுகள் இரண்டும் செத்துப்போயின.

ஈஸ்டரன்று அரிசி வாங்க முதல் ஆளாக அவளைத்தான் அழைத்தார்கள். மூப்பர் பானையையே தூக்கிக் கொடுத்தார். சபை கைதட்டியது.

“கர்த்தர் செஞ்ச நன்மைக்குச் சபை முன்னால ஒரு சாட்சி சொல்லும்மா.”

தெபோராள் அரிசியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “இதை யாருக்கு ஐயா ஊட்டுறது?”

மூப்பர் பாட்டுப் புத்தகத்தை அவசரமாகப் புரட்டினார்.

“சபையார் எழுந்து நிற்போம்,” என்றார்.