கூடைக்கு ஒரு கிலோ

ராமுத்தாய்க்குப் பால்பவுடர் திருடி என்று பேர் வைத்தது எங்கள் கல்லூரிதான். அதுவும் இருபது தாய்மார் எதிரில்.

தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். தாய்மார் கொழுந்து கிள்ளப் போனதும் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அவள். முப்பது வயதிருக்கும். எங்கள் குழந்தை வளர்ச்சித் துறை அந்தப் பிள்ளைகளை நிறுத்து எழுதிக்கொண்டு, ஆறு மாதம் பால்பவுடர் அனுப்பியது. ஆறு மாதம் கழித்து எஸ்டேட்காரர்களே எடை பார்த்து எழுதி அனுப்பினார்கள்.

ஒரு பிள்ளைகூட எடை ஏறியிருக்கவில்லை. ஜீப்பில் கிளம்பி வந்துவிட்டோம்.

"பால் வயித்துக்குள்ள போயிருந்தா எடை எங்கே போச்சு?" என்றார் பேராசிரியை சாந்தம்மாள். "இருபது வருஷமா நான் பிள்ளைகளைப் பத்தித்தான் படிக்கிறேன். என்கிட்ட மறைக்க முடியாது. திருடி வித்திருக்கே."

ராமுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாயைத் தொறந்து சொல்லேன்டி," என்றாள் கொழுந்துக்காரி சின்னத்தாய். "எம் மவன் போன மாசந்தாம்மா எந்திரிச்சு நடந்தான். எல்லாம் நீங்க அனுப்புன பாலு. இவ வித்திருந்தா அவன் எப்பிடி நடப்பான்?"

"அது உன் கண்ணுக்கு. தாள் வேற சொல்லுது."

சாயங்காலமே ஆயாவை வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாக மானேஜர் சொன்னார். அதற்கும் ராமுத்தாய் பேசவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"மேடம், பேசாம நிக்கிறது திருட்டுக்குச் சாட்சின்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"ஆரம்பிச்சுட்டியா? நீ எம்.எஸ்ஸி. முடிக்கணுமா வேண்டாமா?"

"முடிக்கணும். அதனாலதான் கேக்கறேன். நம்ம தராசு ஜீப்புலயே இருக்கு. நாமே ஒரு தடவை நிறுத்துப் பார்த்தா என்ன?"

முறைத்தார். ஆனாலும் தராசை இறக்கச் சொன்னார்.

சின்னத்தாய் மகன் ஒன்பதரை கிலோ. தாளில் எட்டரை. அடுத்த பிள்ளை, அதற்கடுத்த பிள்ளை, எல்லாமே தாளில் இருப்பதைவிட ஒரு கிலோ கூட.

தாளை எழுதியவரைக் கூப்பிட்டார்கள். தினமும் கொழுந்து நிறுக்கிற ரைட்டர் சுருளிவேல்.

"கொழுந்துத் தராசுலதாம்மா போட்டேன். வழக்கம்போல கூடைக்கு ஒரு கிலோ கழிச்சுட்டு எழுதுனேன்."

"பிள்ளைகளைக் கூடையிலயா வச்சீங்க?" என்றார் பேராசிரியை.

"இல்லம்மா. துண்டுல கட்டித் தொங்கவிட்டோம்."

"அப்ப எந்தக் கூடைக்குக் கழிச்சீங்க?"

சுருளிவேல் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "பன்னெண்டு வருசமாக் கை பழகிப்போச்சு."

"கொழுந்துல கழிக்கிறது பத்தாம புள்ளையிலயும் கழிச்சுட்டாரு பாரு," என்றாள் சின்னத்தாய். தாய்மார் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

பேராசிரியை சிரிக்கவில்லை. நேரே ராமுத்தாயிடம் போய், அத்தனை பேர் எதிரிலும் கைகூப்பினார். எவ்வளவோ சண்டை போட்டிருக்கிறேன் அவரோடு. அந்தக் கும்பிடுக்காக இன்றைக்கும் அவருக்கு நான் நன்றி சொல்வேன்.

"மன்னிச்சுடும்மா. பிள்ளைகளை எவ்வளவு நல்லாத் தேத்தியிருக்கே. நிறுக்கும்போது நீ பக்கத்துலதானே இருந்தே? அவர் கழிச்சது உனக்குத் தெரியலையா?"

"தெரியும்மா. நானும் பத்து வருசம் கொழுந்து எடுத்தவதான்."

"தெரிஞ்சுமா சொல்லலை? வேலை போயிருக்குமே. திருடின்னு நான் சொன்னப்பக்கூட ஏன் பேசாம நின்னே?"

ராமுத்தாய் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"புள்ளைக எடை ஏறித் தேறிட்டா பாலு அடுத்த எஸ்டேட்டுக்குப் போயிரும்னு மொத நாளு நீங்கதானம்மா சொன்னீக. என்னைய நிறுத்துனா பாலைக் கலக்கிக் குடுக்க வேற ஆளு வந்துரும். பாலை நிறுத்துனா?"