இருபத்திரண்டாவது நடை

கழுத்து நரம்பு இழுத்துப் பிடித்தது. பாதத்து வெடிப்பில் உப்புத்தண்ணீர் எரிந்தது.

அவள் இரண்டையும் கண்டுகொள்ளவில்லை. எண்ணிக்கொண்டிருந்தாள்.

யாரோ ஒரு பணக்காரரின் சொந்த விமானம். அதில் சாப்பாடு பரிமாறுகிற வேலை மகளுக்கு. சென்னையிலிருந்து போன் பண்ணியிருந்தாள்.

"இப்ப பறக்கப்போறோம்மா. ஒரு மணி நேரம் அஞ்சு நிமிசத்துல வந்துரும். ஒங்க உப்பளத்துக்கு மேலதான் தாழ எறங்கும்."

இறங்கி அரை மணியில் சென்னைக்கே திரும்பிவிடும். பிள்ளையை வெளியே விட மாட்டார்கள். முகம் பார்த்து எட்டு மாதம்.

பாத்தியிலிருந்து உப்பு அம்பாரத்துக்குப் போய்வர மூன்று நிமிடம். இருபத்தோரு நடைக்கு அறுபத்து மூன்று. இருபத்திரண்டாவதில், கொட்டிவிட்டுத் திரும்பும்போது வரும்.

திரும்பும்போதுதான் வரவேண்டும்.

தலையில் கூடை இருந்தால் அண்ணாந்து பார்க்க முடியாது.

இருபத்திரண்டு. கொட்டினாள். வெறுந்தலையோடு மெல்ல நடந்தாள்.

வானம் வெளுத்துக் கிடந்தது.

"என்னம்மா, இன்னைக்கு மேலயா உப்பு வெளைஞ்சிருக்கு?" கங்காணி கத்தினார்.

இருபத்து மூன்றாவது கூடை தலையில் ஏறியது.

காலையிலிருந்து சேலையை வடக்கே இழுத்துக்கொண்டிருந்த காற்று அப்போதுதான் உறைத்தது. சோழகம். தெற்கத்திக் காற்று. தெற்கே வருகிற விமானத்துக்கு அது எதிர்க்காற்றுதானே.

அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சத்தம் கேட்டது.

தலைக்கு மேலே, மிக அருகில். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வரப்பும் தன் கால்விரல்களும்.

போன் வந்தபோது பக்கத்தில் நின்ற சந்தனக்கனி, கொட்டிவிட்டு எதிரே வந்தாள். கையிலிருந்த வெறுங்கூடையை எறிந்தாள்.

"ஏளா, குனி!"

பாரத்தைத் தன் தலைக்கு இழுத்துக்கொண்டாள்.

பாரம் இறங்கியதும் அவள் நிமிர்ந்தாள்.

வெள்ளை வயிறு. மூன்று சக்கரம். பக்கவாட்டில் ஐந்தாறு சன்னல். எதில் மகள் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் கையாட்டினாள். ஐம்பது வயதில், சேற்றில், துள்ளினாள்.

கங்காணியும் கையாட்டினார்.

விமானம் மறைந்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. ஓடிப்போய் சந்தனக்கனியோடு சேர்ந்துகொண்டாள்.

சந்தனக்கனி கழுத்தைத் திருப்பாமல், அம்பாரத்தைப் பார்த்தபடி கேட்டாள்.

"நான் எங்க பாத்தேன்? எப்பிடிளா இருந்துச்சு?"

சொன்னாள். சொல்லச் சொல்ல, வாய் வேறொன்றை முணுமுணுத்தது.

அரை மணி. பத்து நடை.

சந்தனக்கனிக்கு ஒரு விமானம் பாக்கி.