ஷிஃப்ட் மாறட்டும்

"புதுசு எங்கே? அவளை வரச் சொல்லு."

தையலம்மா காலையில் கேட்ட முதல் கேள்வியே அதுதான். பெரியக்காவுக்கு வயிறு எரிந்தது.

அந்த முதியோர் இல்லத்தில் தையலம்மாவுக்கு ஊட்டி, குளிப்பாட்டி, தலைவாரி விட்டதெல்லாம் இத்தனை வருஷமாகப் பெரியக்காதான். நேற்று வேலைக்கு வந்த புதுசு இன்றைக்குச் செல்லப்பிள்ளை!

"அவ மத்தியானந்தான் வருவா. ஏன், நான் தொட்டா கசக்குதா?" என்று முணுமுணுத்தபடி குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியவள் திடுக்கிட்டாள். முழங்கைக்குக் கீழே நீலம் பாரித்து வீங்கியிருந்தது.

"எப்படிம்மா பட்டுச்சு?"

"தெரியலையே" என்று தையலம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காரணம் தெரியாத காயத்தைக் கண்டால் உடனே இல்லத்தை நடத்தும் மேடத்திடம் சொல்ல வேண்டும். ஆனால் யார் ஷிஃப்டில் அது வெளியே தெரிகிறதோ, அவர்கள் தலையில்தான் விடியும்.

'மத்தியானம் வரட்டும். செல்லப்பிள்ளையே பதில் சொல்லட்டும்.' முழுக்கைச் சட்டையாகத் தேடி மாட்டிவிட்டாள்.

புதுசு வந்தாள். சட்டைக் கையை விலக்கிப் பார்த்தாள். அடுத்த நிமிஷமே மேடத்திடம் ஓடினாள்.

"எலும்புல விரிசல்" என்றார் டாக்டர். "முன்னாடியே கூப்பிட்டிருந்தா பாவம், இவ்வளவு வலியைத் தாங்கியிருக்க வேண்டாம்."

மேடம் பெரியக்காவிடம் திரும்பினார். "காலையில இருந்துச்சா?"

"இல்லையே மேடம். குளிப்பாட்டுறப்ப கை நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்படின்னா உன் ஷிஃப்ட்லதான்" என்றார் மேடம் புதுசிடம். "விசாரணை முடியுற வரைக்கும் நீ வர வேண்டாம்."

புதுசு அழுதாள். பெரியக்காவுக்கு மனசு குளிர்ந்தது.

"அவளை ஏன் விரட்டுறீங்க?" என்றாள் தையலம்மா. "யாரும் இல்லாதப்ப நானா எழுந்து போய் இடிச்சுக்கிட்டேன். இவங்க ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல."

மேடம் புதுசைச் சமாதானப்படுத்தி அழைத்துப் போனார். பெரியக்கா அறையிலேயே நின்றாள். பொய் வெளியே வராமல் தப்பித்தும், பொறாமை மட்டும் அடங்கவில்லை.

"எப்ப எழுந்தீங்க?"

"விடியக்காலம். பாத்ரூம் போக."

"ராத்திரி டூட்டியில நான் பக்கத்து ரூம்லதானே இருந்தேன்? மணி அடிக்கக் கூடாதா? அந்தப் புதுசு இருந்திருந்தா கூப்பிட்டிருப்பீங்கல்ல?"

"கூப்பிட்டிருப்பேன்" என்றாள் தையலம்மா. "அவளுக்கு இடுப்பு வலி இல்லையே. நீ சுவரைப் புடிச்சுக்கிட்டு நடக்கிறது என் கண்ணுல படலைன்னா நினைச்சே?"