காதின் தொடக்கக் கோப்பு

செந்தூரனின் செவிக்கருவியைச் செய்த நிறுவனம், பழைய மாடல்களை எல்லாம் ஒரே நாளில் முடக்கிவிட்டது. அவன் மனைவி கோகிலவாணி அசரவில்லை. கருவியை இயக்கத் தொடங்கும் மென்பொருளான தொடக்கக் கோப்பை நகலெடுத்து, மகளின் பழைய வீடியோ கேம் பெட்டியில் ஓடவிட்டாள். பெட்டி தன்னையே செவிக்கருவி என்று நம்பியது. அதில் செருகிய இயர்போன் வழியாகச் செந்தூரனுக்கு மறுபடி காது கேட்டது.

நிறுவனத்தின் ஆய்வாளர் வீடு தேடி வந்துவிட்டார்.

"கோப்பு எங்க சொத்தும்மா. இப்பவே அழிக்கணும்."

அவள் பெட்டியை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"நீங்களே அழிச்சுப்போடுங்க. ஆனா அதுக்கு முந்தி இவருகிட்ட உங்க பேரைச் சொல்லுங்க. கடைசியா இவரு காதுல விழறது அதுவா இருக்கட்டும்."

ஆய்வாளரின் விரல் அழிக்கும் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

செந்தூரன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"சொல்லுங்க சார், நல்லாக் கேக்குது."