பேச விடாதவர்

"நீ பேசாத. நான் சொல்லிக்கறேன்."

கடைக்குள் நுழைந்ததும் அவர் மனைவியிடம் சொன்னது இதுதான்.

மைக், ஸ்பீக்கர், ஹெட்போன் விற்கும் சின்னக் கடை. கவுன்ட்டரில் நின்ற விற்பனைப் பெண்ணுக்குச் சுருக்கென்றது. ஆளுக்கு நாற்பது வயதிருக்கும். சட்டையில் லிஃப்ட் கம்பெனியின் பெயர், விரல் இடுக்கில் கழுவியும் போகாத கிரீஸ். மெக்கானிக் போல.

"சொல்லுங்க சார்."

"வீட்லயே ரெகார்டிங் பண்ணணும். ஒரு கண்டென்சர் மைக் வேணும். முதல் தடவையா வாங்கறோம், விலை கையைக் கடிக்கக் கூடாது."

"பாட்டா, பேச்சா சார்?"

மனைவி வாயெடுத்தாள்.

"பேச்சு" என்றார் அவர், முந்திக்கொண்டு.

"யார் பேசப் போறது?"

"இவதான்."

"அப்போ அவங்களைத்தானே நான் கேக்கணும்?"

"எதுவா இருந்தாலும் என்கிட்டயே கேளும்மா."

பொண்டாட்டி குரலை வைத்துச் சேனல் நடத்திச் சம்பாதிக்கக் கிளம்பிவிட்டார் என்று விற்பனைப் பெண் முடிவு கட்டினாள். இந்த மாதிரி வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள்.

"வீடு தெருவை ஒட்டியா சார்? அப்படின்னா கண்டென்சர் வேண்டாம். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டறதைக்கூட இழுத்துடும். டைனமிக் எடுத்துக்கோங்க. வாய்கிட்ட வெச்சு நல்லா சத்தமாப் பேசினாப் போதும், வெளி இரைச்சல் அவ்வளவா வராது. விலையும் கம்மி."

"சத்தமால்லாம் பேச மாட்டா. எவ்வளவு மெதுவாப் பேசினாலும் ஓர் எழுத்து விடாம எடுக்கணும்."

குரலை உயர்த்தக்கூட அந்த வீட்டில் அனுமதி கிடையாது போலிருக்கிறது.

"அப்போ ரூமைச் சரி பண்ணணுமே?"

"பண்ணிட்டேன். உள் ரூம்ல கட்டிலை நிமிர்த்தி வெச்சு, மெத்தையைச் சுவரோட சாய்ச்சாச்சு. இருக்கற போர்வையெல்லாம் ஆணி அடிச்சு மாட்டியாச்சு. ஃபேன் போட மாட்டோம். கடிகாரத்தைக்கூடக் கழட்டிக் கூடத்துல வெச்சுட்டேன்."

ஆள் விவரமானவர்தான்.

அவள் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தாள்.

"இது கம்ப்யூட்டர்ல நேரா சொருகற ரகம். அந்த இன்னொரு ரகத்துக்குக் கரன்ட் கொடுக்கத் தனியா ஒரு பெட்டி வாங்கணும். ஆனா பின்னால பெரிசாப் பண்ணணும்னா அதுதான் தோதுப்படும். பழக ஒரு மாசம் ஆகும், அவ்வளவுதான்."

"ஒரு மாசமா? வேண்டாம்மா, வேண்டாம். நேரா சொருகறதையே கொடு."

"அதுலயும் ரெண்டு இருக்கு சார். ஒண்ணு குரலைக் கூர்மையாக் காட்டும், இன்னொண்ணு கொஞ்சம் கனமாக் காட்டும். யார் பேசறாங்களோ அவங்க குரல்ல கேட்டாத்தான் எது பொருந்தும்னு தெரியும். அக்கா, நீங்க ஒரு வரி பேசுங்க."

அவள் எடுத்து வைத்த சாம்பிள் மைக்கை நோக்கி மனைவி குனிந்தாள். அவர் சட்டென்று அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஹலோ, ஹலோ... ஒண்ணு, ரெண்டு, மூணு. நல்லாத்தான் இருக்கு. இதையே கட்டிக் கொடு."

"நீங்க போட்டுப் பார்த்துட்டு அவங்களுக்குச் செருப்பு வாங்குவீங்களா சார்?"

பக்கத்தில் கேபிள் பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். மெக்கானிக்குக்கு முகம் சிறுத்துப்போனது.

அவளுக்கு அதோடு நிறுத்த மனம் வரவில்லை.

"கல்யாணம் பண்ணிக்கிட்டா வாயையும் சேர்த்து எழுதிக் கொடுத்தாச்சா என்ன? நீங்க பேசுங்க அக்கா. இங்க உங்களை யாரும் தடுக்க மாட்டாங்க."

மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் கையை லேசாக அழுத்திவிட்டு, மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

விற்பனைப் பெண் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"வாண்டு, எங்க, ஆ காட்டு. இன்னும் ஒரே ஒரு வாய்தான். அம்மா பொய் சொல்ல மாட்டேன்."

உப்புத்தாளில் தேய்த்த மாதிரி குரல். பாதி காற்று.

"இன்னொரு மைக்லயும் அதையே சொல்லுங்க அக்கா."

மெக்கானிக் ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டார். மனைவி அதையே சொன்னாள். 'ஒரே ஒரு வாய்' என்ற இடத்தில் குரல் நின்று, மறுபடி வந்தது.

"ரெண்டாவதுதான் உங்களுக்கு. இதுல கரகரப்பு கொஞ்சம் அமுங்குது." ஹெட்போனைக் கழற்றினாள். "ஜலதோஷமா அக்கா? தொண்டை இப்படிக் கட்டியிருக்கே! இன்னிக்கு அவசரப்பட்டு வாங்காதீங்க. அடுத்த வாரம் குரல் தெளிஞ்சதும் வாங்க. ஆற அமரப் பேசிப் பார்த்து எடுத்துக்கலாம். அதுக்குள்ள என்ன குடியா முழுகிடப் போகுது?"

மனைவி சிரித்தாள். சத்தமில்லாமல்.

மெக்கானிக் அந்த இரண்டாவது மைக்கின் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் ஆபரேஷன்ல இவ குரல்வளையையே எடுத்துடுவாங்கம்மா. அதுவரைக்கும் ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்தான் பேசலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். அது மொத்தத்தையும் எங்க பொண்ணுக்காகப் பதிஞ்சு வெக்கணும். அவளுக்கு இப்போதான் மூணு வயசு."