கோளாறுள்ள வீணை

வீணையை எடுத்துப்போக வந்த ஸ்ரீவல்லி அதைத் தொடக்கூட இல்லை.

கூடத்தில் மர பீரோ, சாய்வு நாற்காலி, இட்லிக் குண்டான் என்று எல்லாவற்றின் மேலும் ஏலக் கம்பெனிக்காரர்கள் எண் ஒட்டியிருந்தார்கள். வீணைக்கு நாற்பத்தொன்று.

காலமானவர்களின் வீட்டுச் சாமான்கள் இணைய ஏலத்துக்கு வரும்போது, பழைய வாத்தியங்களைக் கொள்ளை மலிவில் அடிப்பதில் மைசூரில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆறு வீணை, இரண்டு வயலின் வீட்டில் உறையோடு தூங்குகின்றன.

இதற்கு ஒருவரும் போட்டிக்கு வரவில்லை. ‘தயாரிப்புக் கோளாறு: பக்கத் தந்திகள் மறுபுறம் உள்ளன’ என்று போட்டிருந்தது. படம்தான் இடவலமாகத் திரும்பிவிட்டதோ என்று முதலில் நினைத்தாள். பின்னால் தொங்கிய காலண்டரில் கன்னட எழுத்துகள் நேராகவே இருந்தன.

கோளாறாவது மண்ணாங்கட்டியாவது. இடக்கையால் மீட்டுகிறவருக்கென்று சொல்லிச் செய்த வீணை அது.

ஏலம் முடிந்து முகவரி வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆழ்வார் வாத்தியார் வீடு!

பதின்மூன்று வயதில், இதே கூடத்தில், தன்னை அறியாமல் இடக்கையால் மீட்டியதற்கு அந்தக் கையை வீங்க வீங்க அடித்தவர். பீச்சாங்கையால் சரஸ்வதியைத் தொடுகிற பெண்ணுக்குச் சங்கீதம் எதற்கு என்று அப்பாவிடம் சொல்லித் திருப்பி அனுப்பியவர். இருபத்தாறு வருஷமாக அவள் ஒரு தந்தியையும் மீட்டியதில்லை.

அப்பேர்ப்பட்டவர் எவளுக்கோ இதைச் சொல்லிச் செய்வித்துக் கொடுத்திருக்கிறார். எந்தப் பெரிய வீட்டுப் பெண்ணோ? அவள் மீட்டியபோது மட்டும் சரஸ்வதி கண்ணை மூடிக்கொண்டாளா? அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளத்தான் ஸ்ரீவல்லி வந்திருந்தாள்.

வீட்டைக் காலி செய்துகொண்டு பெங்களூருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்த வாத்தியாரின் மகள் ஸத்யபாமா, வீணைக்கு ஒரு பழைய போர்வையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“இது எந்த சிஷ்யைக்குப் பண்ணினது?” ஸ்ரீவல்லியின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

ஸத்யபாமா திகைத்துப்போய்த் திரும்பினாள்.

“சிஷ்யைக்கா? இது அப்பா வாசிச்சது. சிஷ்யைகள்லாம் பாடம் முடிஞ்சு போனப்புறம் கதவைச் சாத்திண்டு வாசிப்பார். வெளில மூச்சு விடப்படாதுன்னு அம்மாகிட்டயும் என்கிட்டயும் சத்தியம் வாங்கிண்டிருந்தார்.”

ஸ்ரீவல்லி குனிந்து பார்த்தாள். தந்திக்கு அடியில், விரல் அழுந்தும் மெட்டுகளில் பித்தளை தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தது. ஒன்றிரண்டு வருஷத்தில் விழுகிற பள்ளம் இல்லை. அவளை அடித்து அனுப்பிய அன்று சாயங்காலமும் அந்த மனுஷர் உட்கார்ந்து இதை வாசித்திருப்பார்.

பாவி மனுஷர். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் கதவைத் திறந்து வைத்திருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்?